20 கிலோமீட்டர், 5,000 ரூபாய்: ஒரு சைக்கிள் பந்தயத்தின் வரவு செலவு

அலங்காநல்லூர் என்றால் தை 3 ஜல்லிக்கட்டு, வாடிவாசல், காளை. அந்த ஊர்ப் பிள்ளைகள் உடம்பைப் பணயம் வைக்க இன்னொரு பந்தயமும் மாவட்டத்தில் உண்டு. செப்டம்பர் 15, அண்ணா பிறந்தநாளை ஒட்டி தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையம் நடத்தும் மாணவர் மிதிவண்டிப் போட்டிதான் அது. அதன் கணக்கைப் பார்ப்போம்.

தூரம்

13 வயதுக்கு உட்பட்டோர்: மாணவர் 15 கி.மீ., மாணவியர் 10 கி.மீ.
15 வயதுக்கு உட்பட்டோர்: மாணவர் 20, மாணவியர் 15.
17 வயதுக்கு உட்பட்டோர்: மாணவர் 20, மாணவியர் 15.

கியர் வண்டி கூடாது. இந்தியாவில் தயாரான சாதாரண சைக்கிளைச் சொந்தமாகக் கொண்டுவர வேண்டும். அரசு, அரசு உதவிபெறும் பள்ளிகளில் பிளஸ் 1 மாணவர்களுக்கு 2005-06 முதல் விலையில்லாச் சைக்கிள் கிடைப்பதால், 17 வயதுப் பிரிவில் பலருக்கு வண்டிச் செலவு இல்லை. ஆனால் எடை 20 கிலோவை நெருங்கும். உலகப் பந்தயங்களில் வண்டியின் குறைந்தபட்ச எடையே 6.8 கிலோதான்.

வரவு

முதல் பரிசு ரூ.5,000, இரண்டாவது ரூ.3,000, மூன்றாவது ரூ.2,000. நான்கு முதல் பத்தாம் இடம் வரை தலா ரூ.250. ஒரு பிரிவுக்கு ரூ.11,750, ஆறு பிரிவுக்கு ரூ.70,500. ஒரு பிரிவில் 50 பேர் ஓட்டுவதாக வைத்துக்கொண்டால், சராசரி வரவு ஆளுக்கு ரூ.235. நிஜத்தில் 40 பேர் வெறுங்கையோடு திரும்புவார்கள். பத்தாவதாக வந்தவரின் 250 ரூபாய், ஒரு டயரும் டியூபும் மாற்றினால் தீர்ந்துவிடும்.

ஆபத்து

20 கி.மீ. தூரத்தை 50 நிமிடத்தில் கடந்தால் சராசரி வேகம் மணிக்கு 24 கி.மீ. கடைசி நெட்டோட்டத்தில் அது 36 கி.மீ. ஆகிறது என்று கொள்வோம். வேகம் ஒன்றரை மடங்கு. மோதும் ஆற்றல் 2.25 மடங்கு, காற்றைக் கிழிக்கத் தேவைப்படும் திறன் ஏறக்குறைய 3.4 மடங்கு. அந்த வேகம் 5 மீட்டர் உயரத்திலிருந்து விழுகிறவன் தரையைத் தொடும் வேகத்துக்குச் சமம்.

முன்னால் போகிறவரின் சக்கரத்தை ஒட்டி ஓட்டினால் காற்றின் தடை குறையும். அதற்காகத்தான் எல்லாரும் நெருக்கியடித்துப் போகிறார்கள். நொடிக்கு 10 மீட்டர் போகும்போது அரை மீட்டர் இடைவெளி என்பது 0.05 நொடி. கண் பார்த்து, கை பிரேக்கைப் பிடிக்க அரை நொடியாவது ஆகும். அதற்குள் வண்டி 5 மீட்டர் போயிருக்கும். முன்னவர் சட்டென்று பிரேக் அடித்தால் பின்னவருக்குத் தப்ப வழியில்லை. விபத்து நேர்ந்தால் பொறுப்பு போட்டியாளருடையது என்றும் அறிவிப்பில் சொல்லிவிடுகிறார்கள்.

மிச்சம்

பணத்தை மட்டும் பார்த்தால் இது நட்டக் கணக்கு. ஆனாலும் பிள்ளைகள் வருகிறார்கள். 50 நிமிடத்தில் முடித்தவர் அடுத்த ஆண்டு 48 நிமிடத்தில் முடித்தால், வேகம் 24லிருந்து 25 ஆகிறது. கூடியது ஒரே ஒரு கி.மீ.; அதற்குக் காற்றோடு போராடும் திறன் 13 சதவீதம் கூட வேண்டும். பத்து பேருக்குள் வராதவருக்கும் அந்த 2 நிமிடம் சொந்தம். அவர் திரும்பவும் வருவது அதற்காகத்தான்.

ஆபத்தை அறவே ஒழித்தால் பந்தயமே இல்லை. குறைக்க வழி உண்டு. வாடிவாசலில் இறங்குமுன் மாடுபிடி வீரருக்கு மருத்துவச் சோதனை உண்டு. தரையில் தேங்காய் நார் பரப்புகிறார்கள், இருபுறமும் தடுப்புக் கட்டுகிறார்கள். சைக்கிளுக்கு இவ்வளவு வேண்டாம். புதிய பிரேக் கட்டை, காற்று சரியாக உள்ள டயர், ஆயிரம் ரூபாய் அளவில் ஒரு ஹெல்மெட் போதும். பந்தயத்துக்குப் பிள்ளையை அனுப்பும் பெற்றோரும் உடற்கல்வி ஆசிரியரும் அந்தச் செலவை முதலில் செய்யட்டும்.