அடுப்படியில் ஏறிய கருங்கல்

2017 மே மாதம் நோர்வூட்டிலே, இந்திய உதவியுடன் மலையகத்திற்கு மேலும் 10,000 வீடுகள் என்று பாரதப் பிரதமர் அறிவித்தார். ஏழு பேர்ச் காணியில் இவ்வாறு தனிவீடு எழும்போது, நம் தாய்மார் முதலில் நோக்குவது அடுப்படியைத்தான். 10 அடிக்கு 12 அடி லயக் காம்பராவில் புகையோடு போராடியவர்களுக்கு, நின்று சமைக்கும் மேடை பெரும் பேறு அன்றோ! கொழுந்து பறித்த காசோடு, கொழும்பிலிருந்து மகன் அனுப்பியதையும் சேர்த்துச் சிலர் அதன்மேல் கிரனைட்டும் பதிக்கிறார்கள்.

பிறகுதான் மனக்குறை. கடையில் உள்ளங்கையளவு துண்டில் கண்ட நிறம் ஆறடிப் பலகையில் இல்லை. குறுக்கே வெள்ளைக் கீற்று ஓடுகிறது. எண்ணெய் சிந்திய இடம் கறுத்துவிட்டது. (அம்மியும் கருங்கல்தான், அதை யாரும் நிறம் பார்த்து வாங்கியதில்லை!)

பூமிக்குள் பாறைக் குழம்பு மெல்ல உறைந்து உண்டானது கிரனைட். ஒரு பலகை போல் மற்றொன்று இராது. துண்டைக் கண்டு தெரிவு செய்வது, ஒரு கொழுந்தைக் கண்டு மலையை மதிப்பிடுவது போலாகும். முழுப் பலகையையும் பகல் வெளிச்சத்திலே பார்த்தல் வேண்டும். நுவரெலியாவின் மூட்டத்தில் கறுப்புக்கல் அடுப்படியை இன்னும் இருளாக்கும்.

பதித்தபின் நிறம் மாறாது. கறையை நீக்க வழியுண்டு. அப்பச்சோடாவை நீரில் குழைத்து அப்பி, பொலித்தீனால் மூடி, மறுநாள் துடைத்தால் எண்ணெய் பெரும்பாலும் வெளியேறும். பின்பு நீர்த்துளி இட்டுப் பாருங்கள். சில நிமிடத்தில் அவ்விடம் கறுத்தால், கல்லுக்குரிய சீலர் பூச வேண்டும். விறகடுப்பை நேரே கல்லின்மேல் வைத்தலாகாது. ஓரிடம் மட்டும் கடுஞ்சூடேறினால் கல் வெடிக்கக்கூடும்.

பலகையில் விரிசலோ அளவுப் பிழையோ இருந்தால் அது வேறு வழக்கு. மிச்சப் பணத்தைக் கொடுக்குமுன்னே மேசனை அழைத்துக் காட்டிவிடுங்கள்.