பத்து ரூபாய் காசு செல்லுமா?

"பத்து ரூபாய் காசா? நோட்டா இருந்தா கொடு தம்பி!"

கடையிலோ, பஸ்சிலோ இப்படிச் சொல்லக் கேட்டிருக்கிறீர்களா குட்டீஸ்?

வெளியே தங்க நிற வளையம், நடுவே வெள்ளி நிற வட்டம் என ஜோராக இருக்கும் இந்த நாணயம், 2009ம் ஆண்டு புழக்கத்துக்கு வந்தது. 2011ல் ரூபாய்க்கான புதிய குறியீடு அதில் இடம் பிடித்தது. பழைய காசில் 15 கோடுகள், புதியதில் 10 கோடுகள். போதாதா? '15 கோடு இருந்தால் போலி' என்று வதந்தி கிளம்பிவிட்டது!

2018 ஜனவரியில் ரிசர்வ் வங்கி விளக்கம் தந்தது. அதுவரை வெளிவந்த 14 வகை பத்து ரூபாய் நாணயங்களும் செல்லுமாம்.

அப்படியும் பலர் வாங்கவில்லை. வேடிக்கை என்ன தெரியுமா? காசு நல்லதுதான் என்று கடைக்காரருக்குத் தெரியும். ஆனால், மீதிச் சில்லறையாகக் கொடுத்தால் நாம் வாங்க மாட்டோமோ என்று அவருக்குப் பயம். அடுத்த கடையில் வாங்க மாட்டார்களோ என்று நமக்குப் பயம்! இப்படியே நல்ல காசு பலரது வீட்டு டப்பாவில் முடங்கியது. பாவம்!

2020ல் 12 பக்கங்கள் கொண்ட 20 ரூபாய் நாணயமும் வந்துவிட்டது. நாணயச் சட்டப்படி, ஒரு ரூபாயும் அதற்கு மேலும் மதிப்புள்ள காசுகளாக 1,000 ரூபாய் வரை கொடுக்கலாம்.

உங்கள் உண்டியலில் பத்து ரூபாய் காசு இருக்கிறதா? எத்தனை கோடுகள் என்று எண்ணிப் பாருங்கள். பிறகு, கடைக்குப் போய் ஒரு பென்சில் வாங்குங்கள்!