மூன்றாம் நாள் காய்ச்சல்

காய்ச்சல் என்று வருபவரிடம் ஆரம்ப சுகாதார நிலைய டாக்டர் முதலில் கேட்பது ‘எத்தனை நாளா?’ என்றுதான். அதற்குக் கிடைக்கும் பதில்களில் மிகச் சங்கடமானது, ‘மூணு நாளா.’ முதல் நாள் என்றால் பாராசிட்டமால் கொடுத்து அனுப்பிவிடலாம். ஏழாம் நாள் என்றால் பெரிய ஆஸ்பத்திரிக்குச் சீட்டு எழுதத் தயங்க வேண்டியதில்லை. மூன்றாம் நாளிலோ எந்த நோயும் இன்னதென்று பிடிகொடுக்காது. ஆனாலும் ஏதாவது ஒரு முடிவை எடுத்தே ஆக வேண்டும்.

வேலூர் பக்கத்துக் கிராமம், நவம்பர் மாதம் என்று வைத்துக்கொள்வோம். நூறு நாள் வேலைக்குப் போகும் நாற்பது வயதுப் பெண். நல்ல காய்ச்சல், தலைவலி, உடம்பு முழுக்க வலி. சளி இல்லை, இருமல் இல்லை, நீர்க்கடுப்பும் இல்லை. டெங்குவாக இருக்கலாம், உண்ணிக் காய்ச்சலாக இருக்கலாம், எலிக் காய்ச்சல், டைபாய்டு என்று பட்டியல் நீளும். இரண்டு நாளில் தானே இறங்கிவிடும் சாதாரண வைரஸாகவும் இருக்கலாம். பெரும்பாலும் அதுதான், சிக்கலே அங்கேதான். இவற்றைப் பிரித்தறிய நேரமும் அதிகமில்லை. அறுபத்தேழு நாடுகளின் தகவல்களைத் திரட்டி 2017-ல் வெளிவந்த ஓர் ஆய்வு, முதல்நிலை மருத்துவர் ஒரு நோயாளிக்குச் செலவிடும் நேரத்தைக் கணக்கிட்டது. ஸ்வீடனில் 22 நிமிடங்களுக்கு மேல். இந்தியாவில் சுமார் 2 நிமிடம்.

ரத்தத்தைச் சோதித்தால் தெரிந்துவிடாதா? எந்த நாளில் எந்தச் சோதனை என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. டெங்குவுக்கான என்.எஸ்.1 சோதனை முதல் ஐந்து நாட்களில் உதவும், ஐ.ஜி.எம். அதற்குப் பிறகுதான். மூன்றாம் நாள் தட்டணுக்கள் சரியாக இருப்பதாலேயே நிம்மதி அடைந்துவிட முடியாது. உண்ணிக் காய்ச்சலின் எதிர்பொருள்கள் தலைகாட்ட ஏறக்குறைய ஒரு வாரம் ஆகும். டைபாய்டுக்கு ஊரெங்கும் எடுக்கப்படும் விடால் சோதனை 1896-ல் வந்தது. முன்பு எப்போதோ வந்துபோன தொற்றுக்கும் அது ‘பாசிட்டிவ்’ காட்டும். ஒரே ஒரு விடால் ரிப்போர்ட்டை நம்பி ‘எனக்கு டைபாய்டு’ என்று சொல்லிக்கொண்டிருப்பவர்களில் எத்தனை பேருக்கு உண்மையிலேயே டைபாய்டு என்று கேட்டால், மருத்துவர்கள் சிரித்துக்கொள்வார்கள்.

இதற்கிடையே அந்தப் பெண் கேட்கிறார்: “ஒரு ஊசி போட்டுடுங்க சார். நாளைக்கு வேலைக்குப் போவணும்.”

நியாயமான கோரிக்கைதான். ஒரு நாள் கூலி போய்விடும். ஆனால் இந்த ஊசி பல இடங்களில் டைக்ளோஃபெனாக் என்ற வலி மருந்தாக இருக்கிறது. டெங்குவாக இருந்துவிட்டால் ரத்தக்கசிவை அது கூட்டும். வலிக்கும் காய்ச்சலுக்கும் பாராசிட்டமாலைத் தாண்டக் கூடாது. ஊசி போடாமல் அனுப்பினால் தெருமுனை மெடிக்கல் ஷாப்பில் செட் மாத்திரை வாங்குவார். அதில் என்ன இருக்கும் என்பது கொடுப்பவருக்கே வெளிச்சம்.

உண்ணிக் காய்ச்சலுக்கு உடம்பிலேயே ஓர் அத்தாட்சி கிடைப்பதுண்டு. புதரிலும் புல்லிலும் இருக்கும், கண்ணுக்கே சரியாகத் தெரியாத உண்ணியின் இளம்பூச்சி கடித்த இடத்தில், சிகரெட்டால் சுட்டது போலக் கறுத்த பொருக்கு ஒன்று இருக்கும். வலிக்காது, அரிக்காது, அதனால் நோயாளிக்கே தெரியாது. அது இருக்கும் இடங்களோ அக்குள், மார்பின் அடிப்புறம், இடுப்பில் பாவாடை நாடா இறுக்கும் இடம், தொடை இடுக்கு. திரைச்சீலை இல்லாத அறை, எதிரே ஆண் டாக்டர், வாசலில் எட்டிப் பார்க்கும் கூட்டம் என்றால் எப்படித் தேடுவது? ஸ்டாஃப் நர்ஸை அழைத்து, பக்கத்து அறையில் ஐந்து நிமிடம் பார்க்கச் சொல்லும் டாக்டர், பல ஆயிரம் ரூபாய்ப் பரிசோதனைகளை அந்த ஐந்து நிமிடத்தில் மிச்சப்படுத்திவிடலாம். ஒரு மறைப்புத் துணி இல்லாததால் தப்பிப்போகும் நோய் இது என்பது என் எண்ணம்.

பொருக்கு எல்லோருக்கும் இருப்பதில்லை. அதனால்தான் 2015-ல் ஐ.சி.எம்.ஆர். வெளியிட்ட வழிகாட்டுதல், காரணம் தெரியாத காய்ச்சல் ஐந்து நாள் நீடித்தாலே உண்ணிக் காய்ச்சலைச் சந்தேகிக்கச் சொல்கிறது. ரிப்போர்ட்டுக்குக் காத்திராமல் டாக்ஸிசைக்ளினைத் தொடங்கலாம் என்கிறது. விலை குறைந்த மாத்திரை. விட்டுவிட்டால் நுரையீரலும் சிறுநீரகமும் மூளையும் பாதிக்கப்படும். வேலூர் சி.எம்.சி. தலைமையில் நடந்து 2023-ல் வெளிவந்த ஆய்வின்படி, நோய் அப்படி முற்றியவர்களுக்கு டாக்ஸிசைக்ளின், அசித்ரோமைசின் இரண்டையும் சேர்த்து நரம்பு வழியே ஏற்றுவதுதான் மேல்.

அப்படியானால் மூன்றாம் நாளே எல்லோருக்கும் டாக்ஸிசைக்ளின் கொடுத்துவிடலாமே? பனிக்காலத்தில், இந்த மாவட்டத்தில், பொருக்கு தெரிந்தால் யோசிக்காமல் கொடுக்கலாம். தெரியாவிட்டால், நோயாளி தெம்பாக இருக்கும்வரை, இரண்டு நாள் பொறுக்கலாம். ஆனால் அந்த இரண்டு நாளில் அவரை யார் பார்ப்பது?

டெங்குவில் ஆபத்து பெரும்பாலும் காய்ச்சல் இறங்கும்போது வருகிறது. மூன்றிலிருந்து ஏழாம் நாளுக்குள் உடம்பு குளிர்ந்துவிடும். வீட்டில் ‘சரியாப் போச்சு’ என்பார்கள். அப்போதுதான் ரத்தக்குழாயிலிருந்து திரவம் கசியத் தொடங்கும். விடாத வயிற்றுவலி, நிற்காத வாந்தி, ஈறில் ரத்தம், காரணமில்லாத அசதி, சிறுநீர் குறைவது, இவற்றில் ஒன்று வந்தாலும் உடனே ஓடிவர வேண்டும் என்பதை நோயாளி அறிந்திருக்க வேண்டும்.

ராஜர் நெய்பர் என்ற பிரிட்டன் குடும்ப மருத்துவர் 1987-ல் எழுதிய நூலில், டாக்டர் தன்னிடமே மூன்று கேள்விகள் கேட்டுக்கொள்ளச் சொன்னார். நான் நினைப்பது சரியென்றால் அடுத்து என்ன நடக்கும்? தவறென்றால் அது எனக்கு எப்படித் தெரியவரும்? அப்போது என்ன செய்வேன்? இரண்டாவது கேள்விதான் நம் ஓ.பி. சீட்டில் விட்டுப்போவது. மாத்திரை பெயர் இருக்கும், ‘1-0-1’ இருக்கும். எந்தத் தேதியில், எதற்காகத் திரும்ப வர வேண்டும் என்பது இருக்காது.

காய்ச்சலில் இப்படிக் காத்திருந்து பார்க்கலாம். நெஞ்சுவலியில் அந்தப் பொறுமைக்கு இடமில்லை. ‘கேஸ் டிரபிள்’ என்று வரும் சர்க்கரை நோயாளியின் முதல் ஈ.சி.ஜி. சரியாக இருந்தாலும் மாரடைப்பு இல்லை என்று சொல்லிவிட முடியாது. சந்தேகம் வலுத்தால் 108-ஐ அழைப்பதே புத்திசாலித்தனம். தமிழக அரசு 2023-ல் தொடங்கிய ‘இதயம் காப்போம்’ திட்டத்தின்படி ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே ஆஸ்பிரின் உள்ளிட்ட முதல் மாத்திரைகளைக் கொடுத்து அனுப்புகிறார்கள். டெங்குக்காரரிடம் கொடுக்கவே கூடாத அதே ஆஸ்பிரின்!

அந்தப் பெண்ணுக்குக் கொடுக்க வேண்டியது பாராசிட்டமால், நிறையக் கஞ்சித் தண்ணீர், ஆபத்து அறிகுறிகளை எழுதிய சீட்டு, ஐந்தாம் நாளுக்கு ஒரு தேதி. தேதி கொடுத்தாலும் அன்றைக்கு அதே டாக்டர் இருப்பாரா, முகாமுக்குப் போயிருப்பாரா, அந்தப் பெண்ணைக் கூலி வேலை இழுத்துவிடுமா என்பதெல்லாம் தனி. 2021 முதல் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ ஊழியர்கள் சர்க்கரை, ரத்த அழுத்த மாத்திரைகளோடு வீடு வீடாகப் போகிறார்கள். மழைக்காலத்தில் அவர்களின் பட்டியலில் மூன்றாம் நாள் காய்ச்சல்காரர்களின் பெயரையும் சேர்த்துவிட்டால், ஐந்தாம் நாள் அந்த வீட்டுக் கதவைத் தட்டி ‘சாப்பிட்டீங்களா, ஒண்ணுக்குப் போனீங்களா?’ என்று கேட்டுவிட்டு வரலாம். புதிதாக ஆள் எடுக்க வேண்டியதில்லை. ஏற்கெனவே அந்தத் தெருவில் நடப்பவர்கள்தான்.