விடிய விடிய 'வள்ளி திருமணம்': டிக்கெட் கிடையாது... பாய் கொண்டுபோனால் போதும்!

விருதுநகர்,

பங்குனி, சித்திரை பிறந்துவிட்டால் விருதுநகர் மாவட்டத்தில் ஊருக்கு ஊர் பொங்கல் சாட்டிவிடுவார்கள். விருதுநகர் மாரியம்மன் கோவில் பங்குனிப் பொங்கல், சிவகாசி பத்திரகாளியம்மன் கோவில் சித்திரைப் பொங்கல் என பெரிய திருவிழாக்கள் ஒருபக்கம். கிராமத்து அம்மன் கோவில் பொங்கல் இன்னொரு பக்கம். பொங்கல் என்றால் ஒருநாள் ராத்திரி நாடகம் இருக்கும். வள்ளி திருமணம், அரிச்சந்திரா, பவளக்கொடி... இந்த மூன்றில் ஒன்று எப்படியும் வந்துவிடும்.

சினிமாவுக்கு 4 பேர் குடும்பமாகப் போனால் டிக்கெட், பஸ், தீனி என்று ஒருநாள் கூலி காணாமல் போய்விடும். நாடகத்துக்கு டிக்கெட்டே கிடையாது. எப்படி இது சாத்தியம்?

யார் செலவு?

ஊர் வரிப்பணம்தான் மூலதனம். தலைக்கட்டுக்கு இவ்வளவு என்று வசூலிப்பார்கள். சில ஊர்களில் நேர்த்திக்கடனாக ஒருவரே மொத்தச் செலவையும் ஏற்றுக்கொள்வதும் உண்டு. பணம் கொடுத்த ஊர்க்காரர், பக்கத்து ஊரிலிருந்து வந்தவர் என்ற பாகுபாடு இல்லை. முன்னால் வந்தவருக்கு முன்னால் இடம், அவ்வளவுதான்.

ஒத்திகையே இல்லை!

இதற்கு 'ஸ்பெஷல் நாடகம்' என்று பெயர். நிரந்தர நாடகக் கம்பெனி கிடையாது. ராஜபார்ட், ஸ்திரீபார்ட், பபூன், டான்ஸ், ஆர்மோனியம், மிருதங்கம் என்று ஒவ்வொருவரையும் தனித்தனியாக அட்வான்ஸ் கொடுத்து பேசுவார்கள். ஒருவர் மதுரையில் இருந்து வருவார், இன்னொருவர் புதுக்கோட்டையில் இருந்து வருவார். சில சமயம் மேடையில்தான் முதல்முறையாக ஒருவரையொருவர் பார்ப்பார்கள்.

ஒத்திகை இல்லாமல் எப்படி நடிக்கிறார்கள்? கதையும் பாட்டும் எல்லோருக்கும் மனப்பாடம். தூத்துக்குடி பக்கம் காட்டுநாயக்கன்பட்டியில் 1867-ல் பிறந்த சங்கரதாஸ் சுவாமிகள் எழுதி வைத்துவிட்டுப் போன அடித்தளம் அது. 1922-ல் அவர் மறைந்தார். 100 வருடம் தாண்டியும் அவர் பாட்டு மேடையில் ஓடுகிறது.

ராத்திரி 10 மணி வாக்கில் ஆர்மோனியம் எடுப்பார்கள். முதலில் பபூன் காமெடி, அப்புறம் டான்ஸ். சின்னப்பிள்ளைகள் தூங்கியபிறகுதான் கதையே சூடுபிடிக்கும். வள்ளி திருமணத்தில் வள்ளிக்கும் நாரதருக்கும் நடக்கும் தர்க்கத்துக்காகவே பெரியவர்கள் கண்விழித்து உட்கார்ந்திருப்பார்கள். மேடை ஏறி அன்பளிப்பு கொடுப்பவர் பெயரை மைக்கில் சொல்வதும் உண்டு.

சிவகாசி தந்த நடிகர்

தியாகி விஸ்வநாததாஸ் 1886-ல் சிவகாசியில் பிறந்தவர். முருகன் வேஷம் போட்டுக்கொண்டே வெள்ளைக்காரனை வெள்ளைக் கொக்கு என்று நையாண்டி செய்து பாடியவர். அதற்காக பலமுறை ஜெயிலுக்குப் போனார். முடிதிருத்தும் சமூகத்தில் பிறந்தவர் என்பதால் அவரோடு ஜோடி சேர சில நடிகைகள் மறுத்தார்கள். துணிந்து நடித்தவர் கே.பி.ஜானகி அம்மாள். பின்னாளில் எம்.எல்.ஏ.வாகவும் ஆனார். 1940 டிசம்பர் 31-ல் சென்னையில் வள்ளி திருமண மேடையில் முருகன் வேஷத்திலேயே விஸ்வநாததாஸ் உயிர் பிரிந்தது. திருமங்கலத்தில் அவருக்கு நினைவு இல்லம் இருக்கிறது.

கூட்டாளிகளைப் பார்க்கும் நாள்

நாடகம் பாதி, பேச்சு பாதி. வெளியூரில் வாக்கப்பட்டுப் போன அக்கா, திருப்பூருக்குப் பிழைக்கப்போன பள்ளிக்கூட சேக்காளி, வேறு ஆலைக்கு மாறிப்போன பழைய ஜோடிக்காரி எல்லோரும் பொங்கலுக்கு வருவார்கள். சாத்தூர் சேவு ஒரு பொட்டலம், சுக்குகாபி ஒரு டம்ளர்... அம்புட்டுதான் செலவு. வருஷத்துல ஒருநாள்தான் இப்படி உட்கார்ந்து பேச முடியும்.

சிக்கல் எங்கே?

2000-ம் ஆண்டு ஒலி மாசு விதிப்படி இரவு 10 மணியிலிருந்து காலை 6 மணி வரை திறந்தவெளியில் ஒலிபெருக்கி வைக்கக்கூடாது. திருவிழாவுக்கு அரசு நள்ளிரவு 12 மணி வரை விலக்கு தரலாம். அதுவும் வருஷத்துக்கு 15 நாளுக்கு மேல் கிடையாது. விடிய விடிய நடக்கவேண்டிய கதையை 2 மணி நேரத்தில் சுருக்கினால் தர்க்கம் எங்கே, பாட்டு எங்கே? நாடகத்துக்குப் பதில் பாட்டுக்கச்சேரி போதும் என்று முடிவு செய்யும் ஊர்களும் உண்டு. 2020, 2021-ல் கொரோனாவால் திருவிழாக்கள் நின்றபோது கலைஞர்கள் பட்டபாடு தனிக்கதை. அவர்களுக்கு பங்குனி முதல் ஆடி வரைதான் முக்கிய சீசன்.

பட்டாசு தொழிலாளர்கள் கவனத்துக்கு

மருந்து கலவை வேலை வெயில் ஏறும் முன்பே காலையில் நடக்கும். ராத்திரி முழுக்க கண்விழித்துவிட்டு அந்த வேலைக்குப் போவது உயிரோடு விளையாடுவது. மறுநாள் லீவு இருக்கிற ராத்திரி நாடகமாகப் பார்த்துப் போங்கள். லீவு இல்லையென்றால் பபூன் காமெடியோடு எழுந்து வந்துவிடுங்கள். வள்ளி கல்யாணத்தை அடுத்த ஊர் பொங்கலில் பார்த்துக்கொள்ளலாம்!