ஹெபடைடிஸ் சி: குருதி குறைந்தால் மருந்தை விடலாமா?

ஆனையிறவுப் பக்கம் போரில் காயப்பட்டுக் குருதி ஏற்றியவர்களோடு பேசும்போது, ஹெபடைடிஸ் சி பற்றிய பயத்தையும் கேட்கிறேன். பரிசோதிக்காத குருதியால் பரவும் இந்த ஈரல் நோய் இலங்கையில் அரிது. ஆனால் பல்லாண்டுகள் அறிகுறியின்றி இருக்கும்.

பழைய சிகிச்சையில் இன்டர்பெரோன் ஊசி வெண்குருதிக் கலங்களையும் சிறுதட்டுக்களையும் குறைத்தது. ரிபாவிரின் செங்குருதிக் கலங்களை உடைத்தது. இந்தச் சோகையை இரும்புக் குளிசையோ கீரையோ தீர்க்காது; வைத்தியர் ரிபாவிரின் அளவைக் குறைப்பார்.

2013 இல் சொபொஸ்புவிர் அங்கீகரிக்கப்பட்ட பின் நிலைமை மாறியது. இன்றைய கூட்டுக் குளிசைகளால் பெரும்பாலும் 12 வாரங்களில் 95 வீதத்துக்கு மேற்பட்டோர் குணமடைகிறார்கள். ஈரல் மிகவும் பழுதான சிலருக்கே ரிபாவிரினும் சேர்க்கப்படும். அவர்கள் குருதிப் பரிசோதனையைத் தவறவிடக் கூடாது.

மூச்சு வாங்கினாலோ நெஞ்சு படபடத்தாலோ உடனே வைத்தியசாலைக்குச் செல்லுங்கள். குளிசையை நீங்களாக நிறுத்தாதீர்கள். குருதி ஏற்றியவர்கள் ஒருமுறை பரிசோதித்துக்கொள்ளுங்கள். இது குணமாகும் நோய்.