கன்றுக்கு முன்னால் நீர்மட்டம்

2004 சுனாமிக்குப் பிறகு காரைக்கால் பகுதியின் கோட்டுச்சேரிமேடு, காளிக்குப்பம், மண்டபத்தூர் கரைகளில் மரம் நடுவது புண்ணியக் காரியமாகிவிட்டது. சூழல் மீட்பைப் படிக்கும் முதுநிலை மாணவருக்கும் ஆய்வுத் தலைப்பென்றால் அலையாத்தி நடவுதான் முதலில் தோன்றும். என் கவலை அந்த ஆய்வின் காலக்கணக்கைப் பற்றியது.

இரண்டாண்டுப் படிப்பில் முதலாண்டு பாடங்களிலேயே கரைந்துவிடும். களத்துக்கு மிஞ்சுவது ஒரே ஒரு வடகிழக்குப் பருவமழை. அந்த மழையில் நட்ட கன்று தை, மாசியில் பச்சையாகத்தான் நிற்கும். உப்பேறும் சித்திரை வெயிலில் என்ன ஆகிறது என்று தெரிவதற்குள் ஆய்வேடு பைண்டிங்குக்குப் போய்விடும்.

கன்றுக்கு முன்னால் நீரைப் பார்க்க வேண்டும் என்பதற்குப் பிச்சாவரம் அலையாத்திக் காட்டை நினைத்துப் பாருங்கள். அங்கே ஒருகாலத்தில் பகுதி பகுதியாகக் காட்டை மொட்டையடித்தார்கள். வெயில்பட்ட மண் ஈரம் வற்றித் தாழ்ந்தது. ஓதத்தில் ஏறிய நீர் வடிய வழியின்றித் தேங்கி ஆவியானது; உப்பு மட்டும் தங்கியது. மரம் தானாக முளைக்காததற்குக் காரணம் அதுதான். 1990களில் எம்.எஸ்.சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனமும் வனத்துறையும் மீன்முள் வடிவில் வாய்க்கால் வெட்டி, ஓதநீர் வந்துபோக வழிசெய்தார்கள். நடவு அதற்குப் பிறகுதான். பிலிப்பைன்ஸிலோ எந்நேரமும் நீர் நிற்கும் சேற்றில் நட்ட கன்றுகள் ஏராளமாக மடிந்தன.

காரைக்கால் கரையில் ஓதத்தின் ஏற்றஇறக்கம் ஒரு மீட்டருக்கும் குறைவு. சில அங்குல உயர வித்தியாசத்தில் கன்றின் தலையெழுத்தே மாறும். ஆகவே, நட நினைக்கும் இடத்தையும், மரம் தானாகவே வளர்ந்து நிற்கும் முகத்துவாரத் திட்டு ஒன்றையும் மாணவர் ஒப்பிடட்டும். கொத்தனார் மட்டம் பார்க்கும் டியூபே தரையின் ஏற்றத்தாழ்வைக் காட்டிவிடும். பௌர்ணமி, அமாவாசை ஓதங்களில் நீர் எதுவரை ஏறுகிறது, எத்தனை மணி நேரம் நிற்கிறது, மழைக்கு முன்னும் பின்னும் மண்ணில் உப்பு எவ்வளவு என்று அளக்கட்டும். நீர் எந்தப் பக்கம் வடியும் என்பதை வலை வீசுகிறவர்கள் சொல்வார்கள், அதையும் எழுதிக்கொள்ளட்டும். இங்கே ஏன் முளைக்கவில்லை என்ற ஒரு கேள்விக்குப் பதில் கிடைத்தாலே அது நல்ல ஆய்வேடு.

நட்டுப் பார்த்தால்தானே தெரியும் என்பவர்களும் உண்டு. சிறு பாத்தியில் நட்டுப் பார்க்கலாம், தவறில்லை. ஆனால் பட்டம் வாங்கியவர் வேலைதேடி வெளியூர் போனபின் அந்தப் பாத்தியை யார் பார்ப்பது? மாணவர் படிக்கும் துறை ஒரு நிரந்தரக் களப்பதிவேடு வைக்க வேண்டும். முளைக்குச்சி அடித்த இடம், அளந்த முறை, அளவுகள் எல்லாவற்றையும் அதில் ஏற்றி, அடுத்த அணி மாணவர் சித்திரையில் அதே குச்சியருகே மறுபடி அளந்து தருவதை விதியாக்க வேண்டும்.