பழைய வழக்கேடுகளில் பாட்டனாரைத் தேடுதல்

புள்ளியில்லா ஓலைச்சுவடியை இடம்நோக்கிப் படித்த மரபு நம்முடையது. முன்னோர் வரலாறு தேடுவோர் ஆங்கிலக் கையெழுத்து வழக்கேடுகளையும் அப்பொறுமையுடனே அணுகுதல் வேண்டும்.

திருத்தணி 1911 வரை வட ஆற்காடு மாவட்டத்திலும், பின்னர்ச் சித்தூர் மாவட்டத்திலும் இருந்தது. 1953இல் ஆந்திரத்துடன் சென்று, 1960 ஏப்ரல் 1இல் சென்னை மாநிலத்தில் இணைந்தது. ஆதலின் வழக்கு நடந்த ஆண்டே ஏட்டைத் தேடவேண்டிய இடத்தைச் சுட்டும். ஏட்டில் பசலி ஆண்டு காணப்படின், அதனோடு 590 கூட்டுக.

வாதியைக் குறிக்கும் ‘பிளெயின்டிஃப்’, பிரதிவாதியைக் குறிக்கும் ‘டிஃபெண்டன்ட்’ ஆகியன ஏடுதோறும் வரும். அவற்றைக் கொண்டு அவ்வெழுத்தரின் எழுத்துவடிவங்களைப் பட்டியலிடுக. பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பகுதி ஏடுகளில், இரட்டை ‘எஸ்’ஸின் முதலெழுத்து ‘எஃப்’ போல் நீண்டிருத்தலுண்டு. ஊர்ப்பெயரும் ஆட்பெயரும் செவிக்கு எட்டியவாறே எழுதப்பட்டன.

விளங்காத எழுத்தை ஊகித்து நிரப்பாது, புள்ளியிட்டு விடுக. ஓரெழுத்துப் பிழை பிறர் பாட்டனாரை நம் பாட்டனாராக்கிவிடும்.